நாளுக்கு 1,200 ரூபா: பொத்துவிலில் அது யார் கைக்குச் சேர்கிறது?

இலங்கையில் ஒரு தொழிலாளிக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த சம்பளம், 2026 ஜனவரி 1ஆம் திகதி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா. நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு நாளுக்கு 1,200 ரூபா. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டமும் அதற்கு 2025இல் வந்த திருத்தமும் சேர்ந்து விதித்த தொகை இது. கொழும்பில் மாடிக் கட்டடத்தில் இயங்கும் கம்பனிக்கும் பொத்துவில் பிரதான வீதியிலுள்ள சில்லறைக் கடைக்கும் தொகை ஒன்றுதான். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று சட்டத்தில் இல்லை. குறைந்த சம்பளத்துக்குத் தொழிலாளி தானே சம்மதித்து வந்தார் என்பதும் முதலாளிக்கு ஒரு சாட்டாகாது.

அம்பாறைக் கரையின் தென்பக்கத்தில் இருக்கும் பொத்துவில், இந்தச் சட்டத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய ஊர். வயல், கடல், கட்டட வேலை, கடை, அறுகம்பையின் சுற்றுலா விடுதிகள், மத்திய கிழக்குக்குப் போனவர்கள் அனுப்பும் பணம் என்று பலவகை வருமானம் ஒரே வீட்டுக்குள் வந்து சேரும். அவற்றுள் சிலவற்றைத்தான் சட்டம் தொடுகிறது. தொடும் இடத்திலும் அது பேசுவது ஒரு நாளின் விலையைப் பற்றி. அந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதைப் பற்றி அல்ல. பொத்துவில் தொழிலாளியின் கஷ்டமோ பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் தொடங்கிய சட்டம்

சம்பளத்துக்கு அரசு ஒரு கீழெல்லை போடலாம் என்ற எண்ணம் 1894இல் நியூசிலாந்திலும் 1896இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் சட்டமானது. 1909இல் பிரித்தானியா அதே வழிக்கு வந்தது. 1928இல் சர்வதேச தொழில் அமைப்பு அதைத் தன் 26ஆம் இலக்கச் சமவாயமாக்கியது. இலங்கையில் அதற்கு ஒரு வருடம் முந்தியே, 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த சம்பளத்தை ஏற்படுத்திவிட்டது. அது ஆட்சியாளரின் இரக்கத்தில் பிறந்ததல்ல. இந்தியாவிலிருந்து ஆள் வெளியே போவதை 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. சம்பளத்துக்கு ஒரு தரம் வைத்தால்தான் தோட்டத்துக்கு ஆள் வரும் என்ற நெருக்கடி துரைமாருக்கு. 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த வீதப்படி மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பெண்ணின் நாள் மலிவானது என்று அன்றே எழுத்தில் ஏறியது. தோட்டப் பெண்களுக்குச் சமசம்பளம் கிடைக்க 1984 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய படி, 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க வேதனச் சபைகள் கட்டளைச் சட்டம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சபை. அதில் முதலாளிமார் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள், அரசு நியமிப்பவர்கள் என்று மூன்று தரப்பு. அந்தச் சபை பேசித் தீர்மானிக்கும் வீதம் வர்த்தமானியில் வந்ததும் அந்தத் தொழில் முழுவதற்கும் சட்டமாகும். தேயிலை, இறப்பர், தென்னை, கட்டட வேலை, ஹோட்டல், வெதுப்பகம், அச்சகம் என்று நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு இப்படிச் சபைகள் உண்டாயின. கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தனியே வந்து, வேலை நேரம், லீவு, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றை ஒழுங்காக்கியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சபை இல்லாத தொழிலில் இருப்பவருக்குக் கீழெல்லையே இல்லை. சபை இருந்தாலும் அது கூடாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், பழைய வீதம் அப்படியே நின்றது. 2016இல்தான் எந்தத் தொழிலானாலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு கோடு போடப்பட்டது. வேதனச் சபை வைத்த வீதம் இந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் அந்த மேலான வீதமே செல்லும். கீழே இருந்தால் தேசிய வீதம் அதை ஏற்றிவிடும்.

வர்த்தமானியில் வந்த தொகை கைக்கு வந்துவிடும் என்று நம்ப முடியாது என்பதற்குத் தோட்டங்களே சாட்சி. நாளுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் வேதனச் சபை வழியாக வர்த்தமானிக்கு வந்தது; கம்பனிகள் உடனே நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தில் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் கம்பனிகள் 200 ரூபா கூட்ட, அரசு வரவுக் கொடுப்பனவாக இன்னொரு 200 ரூபா கொடுக்க, 1,750 ஆக்குவதாக அறிவித்தது. பலமான தொழிற்சங்கங்களும் பாராளுமன்றத்தில் குரலும் உள்ள மலையகத்துக்கே இவ்வளவு பாடு. சங்கமில்லாத கரையோரக் கூலியாளின் நிலைமையை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இருபத்தைந்து நாள் என்ற கணக்கு

2016இல் மாதத்துக்கு 10,000, நாளுக்கு 400. 2021இல் 12,500, 500. 2024இல் 17,500, 700. 2025 ஏப்ரல் முதல் 27,000, 1,080. 2026 ஜனவரி முதல் 30,000, 1,200. இவற்றுள் எந்த மாதத் தொகையை 25ஆல் பிரித்தாலும் பக்கத்திலுள்ள நாட்தொகை வரும். ஒரு மாதத்தில் தொழிலாளி 25 நாள் வேலை செய்வார் என்ற எண்ணம் சட்டத்தின் அடியில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு மாதத்தில் 12 நாள்தான் வேலை கிடைத்தால், சட்டத்தை ஒரு சதமும் மீறாத முதலாளியிடமிருந்து அவருக்குக் கிடைப்பது 14,400 ரூபா.

2025இல் 17,500 ஒரே பாய்ச்சலில் 27,000 ஆனதுபோலத் தெரிவதற்கு ஒரு விளக்கம் வேண்டும். 2005ஆம், 2016ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி என்று 1,000 ரூபாவும் 2,500 ரூபாவும் தனியே கொடுக்கப்பட்டு வந்தன. அவற்றையும் சேர்த்தால் பழைய தொகை 21,000. அந்தப் படிகள் 2025இல் அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்கின. ஆகவே உண்மையான ஏற்றம் முதலில் 6,000 ரூபா, பிறகு 3,000 ரூபா. இதுவும் சிறியதல்ல. தொழிலாளி தன் சம்பளத்தை மூன்று துண்டாகக் கூட்டிப் பார்க்கத் தேவையில்லாமல் ஒரே தொகையாகத் தெரிந்துகொள்ள முடிவதும் நல்ல மாற்றமே.

ஆனால் தொகை நிலையாக நிற்க, விலை நிற்பதில்லை. 2016இல் வைத்த 10,000 ஐந்து வருடம் அசையவில்லை. 2021 ஓகஸ்டில் 12,500 ஆன சில மாதங்களில் நாடு பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்தது. டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் இரட்டிப்பாகிக்கொண்டிருந்த அந்தக் காலம் முழுவதும் சட்டத்தின் ஆகக்குறைந்த சம்பளம் 12,500 ரூபாவிலேயே கிடந்தது. அடுத்த திருத்தம் வர 2024 ஆயிற்று. ஏழைக்கு அதிகம் தேவைப்பட்ட இரண்டு வருடங்களில் சட்டம் அவருக்கு உதவவில்லை. விலை ஏறினால் சம்பளமும் தானாக ஏறும் வழி அதற்குள் வைக்கப்படாததே காரணம்.

தமிழ்நாட்டில் அந்த வழி இருக்கிறது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு ஆகக்குறைந்த கூலிச் சட்டத்தின் கீழ் மாநில அரசுகள் தொழில்வாரியாகக் கூலி நிர்ணயித்து வந்தன. தமிழ்நாடு அந்த அடிப்படைக் கூலியோடு அகவிலைப்படி ஒன்றைச் சேர்த்து, அதைச் சென்னை நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோடு கட்டி, ஒவ்வொரு ஏப்ரலிலும் திருத்தியது. அங்கே நடைமுறையில் குறைகள் நிறைய. ஆயினும் விலை ஏறும்போது தொகையும் ஏற, சட்டசபை கூடவேண்டிய தேவையில்லை. ஆகக்குறைந்த சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கும் 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு அளவுகோல் வைத்தது: உழைப்பவர் ஒருவரை நம்பி மூன்று பேருக்குரிய நுகர்வு, வளர்ந்தவருக்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடத்தில் 72 யார் துணி, வீட்டு வாடகை தனியே, எரிபொருள், வெளிச்சம் முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 வீதம். இலங்கையின் சட்டத்தில் தொகை எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தொகைக்கு எப்படி வந்தார்கள் என்ற கணக்கு எழுதப்படவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை தெளியும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் வறுமைக் கோடு அண்மைக் காலத்தில் ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 64,000 ரூபா. ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டுக்கு 30,000 ரூபா வந்தால் அந்தக் கோட்டின் பாதியைக்கூட அது எட்டாது. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவுக்கு ஏற்றியது. ஒரு அரச ஊழியர் இவ்வளவாவது இல்லாமல் வாழ முடியாது என்று அரசே ஒப்புக்கொண்ட தொகையைவிடத் தனியார் துறைத் தொழிலாளிக்கு 10,000 ரூபா குறைவு. சந்தையில் இருவருக்கும் மீன் ஒரே விலைதான்.

வயலும் கடலும்

நாளுக்கு 1,200 ரூபா என்று பொத்துவிலில் ஒரு மேசனின் கையாளிடம் சொன்னால் அவர் வேலைக்கு வரமாட்டார். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆண்களின் நாட்கூலி சந்தையிலேயே இதைத் தாண்டிவிட்டது. இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் கொழும்புக்கும் போய்விட, ஊரில் ஆள் தட்டுப்பாடு கூலியை ஏற்றிவைத்திருக்கிறது. இப்படிப்பட்டவருக்குத் தேசியச் சம்பளத் தொகை ஒரு பொருட்டல்ல. அவருக்கு வேண்டியது நாட்கள்.

வயலில் அந்த நாட்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. பெரும்போக அறுவடைக்கு ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆள் இறங்கும். வெட்டு, கட்டு, சூடு வைப்பு, சூடடிப்பு என்று வாரக்கணக்கில் வேலை. இன்று அறுவடை இயந்திரம் சில மணித்தியாலத்தில் வயலை முடித்துவிட்டு அடுத்த வட்டைக்குப் போகிறது. மிஞ்சியிருப்பது வரம்பு கட்டுதல், களை பிடுங்குதல், மருந்தடித்தல். களை பிடுங்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அதற்கு ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுப்பது நாட்டின் பல பகுதிகளிலும் போல இங்கும் வழக்கம். சட்டம் பெறுமதியாவது இவ்விடத்தில்தான். பெண்ணின் நாட்கூலி 1,200க்குக் கீழே இருந்தால் அது வழக்கமல்ல, குற்றம். இதை அறிந்து கேட்கக்கூடிய பெண்கள் வயலில் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கடலில் சட்டம் அநேகமாகக் காலடி வைப்பதேயில்லை. கரைவலையிலும் படகிலும் சம்பளம் கிடையாது, பங்குதான். எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சியதைப் படகுக்காரருக்கும் வலைக்கும் போனவர்களுக்கும் பிரிப்பார்கள். மீன் பட்டால் ஒரே நாளில் ஒரு மாதச் சம்பளம் கிடைக்கும். படாவிட்டால் வெறுங்கையோடு வரவேண்டும். ஆகக்குறைந்த வேதனச் சட்டம் முதலாளி, தொழிலாளி என்ற ஒப்பந்த உறவின் மேல் நிற்பது. பங்காளியாக எண்ணப்படுபவர் அந்த உறவுக்குள் எளிதில் வருவதில்லை. வாடைக் காற்றுக் காலத்தில் வாரக்கணக்கில் கடலுக்குப் போக முடியாதபோது அவருக்குக் கைகொடுப்பது கடன். அந்தக் கடன் பெரும்பாலும் படகுக்காரரிடமே வாங்கப்படுவதால், அடுத்த பருவத்தில் வேறு படகுக்கு மாறும் சுதந்திரமும் போய்விடுகிறது. பங்கு முறையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நட்டத்தையும் லாபத்தையும் சேர்ந்து தாங்கும் பழைய ஏற்பாடு அது. எனினும் அதில் கீழெல்லை என்று ஒன்று இல்லை என்பதை மறைக்கக்கூடாது.

கரையோரத்தின் வடக்கே மருதமுனையின் கைத்தறிக்கும் வேறு விதமான சிக்கல். நெய்த அளவுக்குக் கூலி. சாரனோ சேலையோ எத்தனை முடிந்தது என்பதுதான் கணக்கு. எத்தனை மணித்தியாலம் தறியில் இருந்தார் என்பதல்ல. வீட்டிலேயே தறி வைத்து வேறொருவரின் நூலில் நெய்பவர் யாருடைய தொழிலாளி என்பதே குழப்பம். 1941ஆம் ஆண்டுச் சட்டம் நேரக் கூலியோடு துண்டுக் கூலிக்கும் வீதம் வைக்கச் சபைகளுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கு அது எட்டுவது கடினம்.

அறுகம்பையின் ஆறு மாதம்

சட்டம் நேராகப் பொருந்தக்கூடிய, அதேநேரம் அதிகம் மறக்கப்படும் இடம் அறுகம்பை. ஏப்ரல் அளவில் அலை எழும்ப, உல்லையிலிருந்து பாணமைப் பக்கம் வரை விடுதிகளும் கபானாக்களும் சாப்பாட்டுக் கடைகளும் திறக்கும். ஒக்டோபரோடு கூட்டம் கலையும். பிறகு மழை. 2004 ஆழிப்பேரலை துடைத்துவிட்டுப் போன கரையில் மறுபடி எழுந்த தொழில் இது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை, 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த பாதுகாப்பு எச்சரிக்கை என்று அடிக்குமேல் அடி வாங்கியும் நிற்கிறது.

சீசனில் ஒரு விடுதிப் பையனின் நாள் இப்படிப் போகும். விடியுமுன் அலைக்குப் போகிறவர்களுக்குக் கோப்பி. அவர்கள் திரும்பி வந்ததும் காலைச் சாப்பாடு. பிறகு அறை துப்புரவு, துவாய் கழுவிக் காயப்போடுதல், பகல் மேசை, பின்னேரம் பழச்சாறு, இரவு மேசை. கடைசி ஆள் எழும்பும்போது பத்து, பதினொன்று. சம்பளம் என்று பேசிய தொகையோடு சாப்பாடும் படுக்க இடமும். மிச்சம் டிப்ஸைப் பொறுத்தது. வெள்ளைக்காரர் விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் முதலாளி கொடுக்கும் சம்பளமாகாது. அதைக் காட்டி 30,000 ரூபாவைக் குறைக்க இடமில்லை.

வேலை நேரத்துக்கும் விலை உண்டு. கடை, காரியாலயச் சட்டப்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் மணித்தியாலக் கூலி வரும். 30,000 ரூபாவுக்கு அது 125. ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதலாக 25 நாள் வேலை செய்தால் மேலதிகமாக 9,375 ரூபா சேரவேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் புடைவைக் கடைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். பெருநாள் உடுப்பும் கையில் ஒரு தொகையும் கொடுத்து அனுப்புவது நல்ல மனம். மேலதிக நேரக் கூலிக்கு அது ஈடாகாது.

பிடிக்கப்படாத எட்டு வீதம்

ஆகக்குறைந்த சம்பளத்தின் பெரிய பயன் கையில் வாங்கும் காசில் முடிவதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம் போடவேண்டும். ஒரேயொருவரை வேலைக்கு வைத்தாலும் இது செல்லும். தற்காலிகம், சீசன் வேலை என்ற விலக்கு இல்லை. முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் சம்பாத்தியமாகச் சேரும் என்பது விடுதிகளில் அநேகருக்குத் தெரியாத சங்கதி.

30,000 ரூபாவுக்குச் சேமலாப நிதி மாதம் 6,000, நம்பிக்கை நிதி 900. ஆறு மாதச் சீசனுக்கு 41,400 ரூபா. சம்பளம் இதே அளவில் நின்றாலும் பத்துச் சீசனில் 414,000, வட்டி தனி. மழைக்காலத்தில் கையேந்த வைக்கும் தொழிலில் முதுமைக்கு இருக்கக்கூடிய ஒரே சேமிப்பு இது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. இவையெல்லாம் அடிப்படைச் சம்பளத்தின் மேல் எழுபவை. அடிப்படை 27,000இலிருந்து 30,000க்கு ஏறினால் இவையும் கூடவே ஏறும்.

நடப்பில் பெயர் பதியப்படுவதில்லை என்பதே பெரிய குறை. எட்டு வீதம் பிடிபடாமல் முழுக்காசும் கைக்கு வருவது நல்லது என்று தொழிலாளியும் எண்ணுகிறார். பன்னிரண்டு வீதம் மிச்சம் என்று முதலாளியும் பேசாமலிருக்கிறார். இருவரும் சேர்ந்து மறைப்பதைத் தொழில் அதிகாரி வந்து கண்டுபிடிப்பது எளிதல்ல. நாட்டின் தொழில் செய்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முறைசாராத் துறையில் இருப்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: வேலை உண்டு, பதிவு இல்லை.

இந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் இன்னொரு சட்டத்தையும் பார்த்திருக்கிறார்கள். கட்டார் 2020ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால், 2021 மார்ச் முதல், எல்லாத் தொழிலாளருக்கும் மாதம் 1,000 ரியால் ஆகக்குறைந்த சம்பளம் வைத்தது. முதலாளி இடம் கொடுக்காவிட்டால் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 ரியால் மேலதிகமாக. வீட்டுப் பணிப்பெண்களும் அதில் அடக்கம். இடமும் சாப்பாடும் சம்பளத்துக்குள் கரைந்துபோகாமல் தனித்தனி விலையோடு நிற்கும் இந்த முறை அறுகம்பைக்கும் பொருந்தும்.

முதலாளியின் முறைப்பாடு

சிறு முதலாளிகள் சொல்லும் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஐந்து அறை வைத்திருக்கும் விடுதிக்காரர் ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத மின்கட்டணமும் வங்கிக் கடனும் கட்டுகிறார். சிலருக்குக் கடந்த நெருக்கடிகளின் கடனே இன்னும் தீரவில்லை. 30,000 ரூபாவும் 15 வீதப் பங்களிப்பும் சேர்ந்தால் ஒரு ஆளுக்கு மாதம் 34,500. மூன்று பேரை வைத்த இடத்தில் இரண்டு பேரோடு சமாளிக்கப் பார்ப்பார்கள் என்ற பயம் பொய்யல்ல.

அந்த நியாயத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. அறை வாடகை டொலரில் சொல்லப்படுகிறது, சீசனில் ஏறுகிறது, 2022இல் ரூபா விழுந்தபோது டொலரில் வந்த வருமானம் ரூபாவில் பெருகியது. அந்த ஏற்றம் அறை துப்புரவு செய்பவரின் சம்பளத்துக்கு இறங்கவில்லை. சட்டத்தை மதித்துச் சம்பளமும் நிதியும் சரியாகக் கட்டும் விடுதி, கட்டாத பக்கத்து விடுதியோடு விலையில் போட்டி போடவேண்டியிருக்கிறது. கீழெல்லை எல்லோருக்கும் ஒன்றாகப் பிடித்தால் நன்மையடைபவர் தொழிலாளி மட்டுமல்ல, நேர்மையான முதலாளியும்தான். உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்த ஊரில் இது புதிய பாடமும் அல்ல.

எங்கே போய்ச் சொல்வது

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தொழில் ஆணையாளர் நாயகத்துடையது. சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தொழில் அதிகாரி வேலைத்தலத்துக்கு வந்து சம்பளப் பதிவேட்டைக் கேட்பார். நிலுவை உறுதியானால் திணைக்களம் நீதவான் நீதிமன்றம் மூலம் அதை அறவிடும். வழக்குக்கான செலவைத் தொழிலாளி தாங்கத் தேவையில்லை. நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத் தொழில் நியாய சபை இருக்கிறது.

பதிவேட்டை வைத்திருப்பது முதலாளியின் கடமை. பதிவேடு இல்லாத இடத்தில் தொழிலாளியின் கையிலுள்ள எதுவும் சாட்சியாகலாம்: வேலை செய்த நாட்களைக் குறித்த கொப்பி, சம்பளம் போட்ட வங்கிச் சிட்டை, வேலைக்கு வரச்சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தி. அன்றன்று குறித்துவைத்த பழைய பஞ்சாங்கக் கலண்டர்கூட வெறும்வாய்ச் சொல்லைவிட மேல்.

ஆனால் பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அம்பாறை நகரமும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். முறைப்பாட்டுக்காக அலுவலகம் போய்வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். சீசனில் லீவு கேட்டால் வேலையே போகலாம். முறைப்பாடு செய்தவரின் பெயர் சிறிய ஊரில் மறைந்திருப்பதுமில்லை. முறைப்பாடு வரட்டும் என்று அலுவலகத்தில் காத்திருக்கும் முறையால் இந்தச் சட்டம் பொத்துவிலுக்கு வந்து சேராது.

ஆகவே தொழில் திணைக்களம் சீசன் தொடங்கும் ஏப்ரலுக்கு முன்னர் பொத்துவிலில் ஒரு நடமாடும் சேவையை நடத்த வேண்டும். விடுதிகளையும் கடைகளையும் சேமலாப நிதிக்குப் பதிந்து, சீசன் நடுவில் ஒரு முறையாவது யாரும் முறைப்பாடு செய்யாமலே வந்து பதிவேடு பார்க்க வேண்டும். மாதம் 30,000, நாள் 1,200, மேலதிக மணித்தியாலம் 187 ரூபா 50 சதம் என்ற மூன்று தொகைகளையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து ஒவ்வொரு வேலைத்தலத்திலும் ஒட்டச் செய்யலாம். பள்ளிவாசல் நிருவாகங்களும் கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் அந்தத் தாளைத் தங்கள் பலகையில் ஒட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. இவ்வருட சீசனிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.